விஷ மருந்துக்குப் பயங்கரவாதச் சட்டம் எதற்கு?

2025 அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் ஓர் இருமல் மருந்தைச் சோதித்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப் அது. தொகுப்பு எண் எஸ்.ஆர்.13. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. வண்டிகளின் பிரேக் ஆயிலில் சேர்க்கப்படும் ரசாயனம் இது. மருந்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சளிக்கென்று பெற்றோர் அளந்து ஊற்றிய மூடியில் ஏறத்தாழப் பாதி விஷம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இதுபோல் ஒன்று நடக்கும்போதெல்லாம், குண்டு வைப்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம், இவர்கள் மீதும் பயங்கரவாதச் சட்டத்தைப் பாய்ச்ச வேண்டியதுதானே என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கோபத்தில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் அதைச் சட்டமாக மாற்றினால் இரண்டு கெடுதல்கள் நேரும் என்பதே என் வாதம். ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் பயங்கரவாதத்தின் வரையறை மேலும் தளர்ந்து, சம்பந்தமில்லாதவர்களைப் பிடிக்கும். விஷ மருந்து விற்பவர்களோ இப்போதுபோலவே தப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

பயங்கரவாதம் என்றால் என்ன என்பதில் உலக நாடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்தியா 1996இல் ஐ.நா.வில் முன்வைத்த பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை வரைவு, வரையறைத் தகராறிலேயே இன்றுவரை முடங்கிக் கிடக்கிறது. 1998இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைக்க ரோம் நகரில் நாடுகள் கூடியபோது, பயங்கரவாதத்தையும் அதன் வரம்பில் சேர்க்கச் சொன்ன நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன, அதுவும் கைகூடவில்லை. இத்தனை சச்சரவுக்கு நடுவிலும், கவனமாக எழுதப்பட்ட சட்டங்களில் ஒரு பொது அம்சம் தெரிகிறது. என்ன செய்தான் என்பதோடு, எதற்காகச் செய்தான் என்பதையும் அவை கேட்கின்றன. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் நம் தலைப்புக்கு நேராகவே வருகிறது: பொதுமக்களின் உடல்நலத்துக்குக் கடும் ஆபத்தை உண்டாக்குவதும் பயங்கரவாதச் செயல்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தச் செயல் மட்டும் போதாது. அரசை வளைக்கவோ மக்களை மிரட்டவோ அது திட்டமிடப்பட்டிருக்க வேண்டும். கூடவே அரசியல், மத, இன அல்லது கொள்கை நோக்கம் ஒன்றும் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டம் இன்னும் ஒரு படி போய், உயிர்ச்சேதமோ கடும் ஆபத்தோ விளைவிக்கும் எண்ணமில்லாத போராட்டத்தையும் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. பிரிட்டனின் வரையறையே மிக விரிந்தது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் கவலைப்பட்டது வேறு விஷயம்.

இந்தியாவின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், அதாவது ‘உபா’, இந்த வகையில் பிரிட்டனையும் மிஞ்சும். அதன் 15ஆவது பிரிவு வெடிகுண்டு, துப்பாக்கியில் தொடங்கி, நச்சு வாயு, ரசாயனம், உயிரியல் பொருள் என்று நீண்டு, ‘வேறு எந்த வழியிலும்’ என்று முடிகிறது. விளைவுகளின் பட்டியலில் சாவும் காயமும் மட்டுமல்லாமல், சமூகத்துக்கு அத்தியாவசியமான பொருள்களும் சேவைகளும் தடைபடுவதும் இருக்கிறது. அரசியல் நோக்கம் வேண்டும், மத நோக்கம் வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நோக்கம் என்பதே கட்டாயமில்லை: பீதியை விளைவிக்கும் எண்ணத்தோடு செய்தாலும் சரி, பீதியை விளைவிக்கக்கூடிய விதத்தில் செய்தாலும் சரி, அது பயங்கரவாதம்தான். இந்த ‘விளைவிக்கக்கூடிய’ என்பது 2008இல், மும்பைத் தாக்குதல் முடிந்த சில வாரங்களில், நாடாளுமன்றம் அவசரமாகச் சேர்த்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆவது பிரிவு ஏறக்குறைய அதே வாசகத்தைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது. ஒரு வழக்கை உபாவில் பதிவதா, 113இல் பதிவதா என்று முடிவெடுப்பவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள ஓர் அதிகாரி. எந்த அளவுகோலை வைத்து முடிவெடுப்பார் என்று சட்டம் சொல்லவில்லை.

நோக்கம் என்ற ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் சென்னையை நோக்கி வந்தால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 அன்று அங்கே மனித வெடிகுண்டால் ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். பயங்கரவாதம் என்றதும் இந்தியாவில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும் நிகழ்வுகளில் அது ஒன்று. அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் சிறப்பு நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஆனால் 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், அந்தச் செயல் தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயலின் வரையறைக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. சதிகாரர்களின் நோக்கம் ஒரு மனிதரைக் கொல்வது. அரசை அச்சுறுத்துவதோ மக்களிடையே பீதியைப் பரப்புவதோ நோக்கமாக இருந்ததென்று நிரூபிக்கப்படவில்லை என்றது. அதனால் குற்றவாளிகள் எல்லாரும் விடுதலையாகிவிடவில்லை. கொலை, கொலைச் சதி என்ற பழைய, சாதாரணப் பிரிவுகளிலேயே நான்கு பேருக்கு மரண தண்டனையும் மூவருக்கு ஆயுள் தண்டனையும் உறுதியாயின. 19 பேர் வெளியே வந்தார்கள். பயங்கரவாதம் என்ற முத்திரை விழாவிட்டால் குற்றம் சிறிதாகிவிடும் என்று நினைப்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். தடா குற்றச்சாட்டு விழுந்தது நோக்கம் நிரூபிக்கப்படாததால். அந்த நிபந்தனையைத்தான் 2008 திருத்தம் தளர்த்திவிட்டது.

நோக்கம் இருக்கவே இருக்கிறது, நோய்க்கிருமியையே ஆயுதமாக்குகிறார்கள் என்றால் என்ன செய்வது? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1984இல் இதுதான் நடந்தது. ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர், தி டால்ஸ் என்ற சிறு நகரத்தின் பத்து உணவகங்களில், வாடிக்கையாளர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் சாலட் தட்டுகளில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள். நல்லவேளையாக யாரும் சாகவில்லை. உள்ளூர்த் தேர்தல் நாளில் மக்களைப் படுக்கையில் கிடத்திவிட்டுத் தங்கள் ஆட்களை ஜெயிக்கவைப்பதுதான் திட்டம். சாலட் தட்டில் நடந்தது அதற்கான ஒத்திகை. பயங்கரவாதத்தின் எந்த இலக்கணத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும் செயல். ஆசிரமத்தின் நிர்வாகி ஷீலா இதற்காகத் தண்டிக்கப்பட்டதோ, நுகர்பொருளில் கலப்படம் செய்த குற்றத்துக்கு. அந்தச் சட்டமும் ஒரு விஷச் சம்பவத்தின் பிள்ளைதான். 1982இல் சிகாகோ பகுதியில் டைலெனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். செய்தவர் யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை. நாடே நடுங்கியது. ஆனால் அதற்கு அந்நாடு தந்த பதில், கலப்படத்துக்கென்று 1983இல் ஒரு தனிச் சட்டமும், பிரித்தால் தெரிந்துவிடும்படி மூடி முத்திரையிட்ட குப்பியும். நம் வீட்டு மாத்திரைக் குப்பியின் வாயில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தகடு அங்கிருந்து வந்தது. அது காப்பாற்றிய உயிர்களின் எண்ணிக்கை எந்தத் தூக்குக் கயிறும் காப்பாற்றியதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

விரிந்த வரையறை கையில் இருந்தால் அதை எதற்கெல்லாம் எடுப்பார்கள் என்பதற்கும் அமெரிக்காவிலேயே ஒரு வழக்கு உண்டு. பென்சில்வேனியாவில் நுண்ணுயிரியல் படித்த ஒரு பெண், தன் நெருங்கிய தோழி தன் கணவரால் கர்ப்பமானதை அறிந்து ஆத்திரமடைந்தார். வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து ஆர்சனிக் கலந்த ஒரு ரசாயனத்தைத் திருடி, இணையத்தில் வாங்கிய இன்னொரு ரசாயனத்தையும் சேர்த்து, தோழியின் கார்க் கதவிலும் அஞ்சல் பெட்டியிலும் வீட்டுக் கதவின் கைப்பிடியிலும் பல மாதங்கள் தடவிவந்தார். பொடி பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் என்பதால் தோழி பெரும்பாலும் பார்த்து ஒதுங்கிவிட்டார். ஒரே ஒருமுறை கட்டைவிரலில் லேசான எரிச்சல், தண்ணீரில் கழுவினார். இதற்கு மத்திய அரசு வழக்குத் தொடுத்தது ரசாயன ஆயுதங்களைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையை அமல்படுத்தும் சட்டத்தின் கீழ். ஆறாண்டுச் சிறைத் தண்டனை விழுந்தது. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. போர்க்களத்து நச்சு வாயுவை மனதில் வைத்து எழுதிய சட்டத்தை ஒரு குடும்பச் சண்டையின் மீது ஏவ முடியாது. அதற்கு உள்ளூர்ச் சட்டமே போதும் என்பதே தீர்ப்பின் சாரம். வாசகத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்தப் பொடி ‘ரசாயன ஆயுதம்’தான். அரசு வழக்கறிஞர்கள் எழுத்துக்கு எழுத்து படிக்கத்தான் செய்வார்கள்.

கொரோனா வந்தபோது, விரிந்த சட்டத்தை எடுத்து வீசும் இந்த ஆசை பல நாடுகளைப் பிடித்தது. 2020 மார்ச் 24 அன்று அமெரிக்க நீதித் துறை, கொரோனா வைரஸ் சட்டப்படி ‘உயிரியல் காரணி’ என்பதால் வேண்டுமென்றே பரப்புவோர் மீது பயங்கரவாதச் சட்டங்கள் பாயலாம் என்று தன் வழக்கறிஞர்களுக்குக் குறிப்பு அனுப்பியது. நடைமுறையில் மாட்டியவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வரும். டெக்சாஸில் ஒருவர், மளிகைக் கடைப் பொருள்களில் வைரஸைத் தடவ ஆள் வைத்திருப்பதாக ஃபேஸ்புக்கில் புளுகினார். அப்படி எதுவும் நடக்கவில்லை. உயிரியல் ஆயுதப் புரளிச் சட்டத்தில் அவருக்கு 15 மாதச் சிறை. இந்தியாவில் இது மதத்தின் மீது போய் விழுந்தது. டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் நோயாளிகளாகப் பார்க்கப்படாமல், நோயை ஆயுதமாக ஏந்தி வந்தவர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாயும் என்று அறிவிக்கப்பட்டது. தொற்றுள்ளவர் துப்பினால் கொலை முயற்சி வழக்கு என்று இமாச்சலப் பிரதேசக் காவல் துறைத் தலைவர் எச்சரித்தார். பிறகு நீதிமன்றங்களில் நடந்ததைப் பலரும் கவனிக்கவில்லை. 2020 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 31 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை முடித்துவைத்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலியாடு ஆக்கப்பட்டார்கள் என்றது. அவர்களுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகள் டெல்லியில் ரத்தாக 2025 ஜூலை வரை ஆனது. ஐந்து வருடங்கள். உபா அங்கே பயன்படுத்தப்படவில்லை என்பது உண்மை. பயன்படுத்தியிருந்தால் அவர்களில் பலர் இந்த ஐந்து வருடங்களை எங்கே கழித்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. குற்றப்பத்திரிகைக்கு முன்பே 180 நாள் வரை காவல், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கிடையாது என்பதுதான் உபாவின் நடைமுறை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, உடல்நலத்துக்காகக் குரல் கொடுப்பவர்களே இந்த வலையில் மாட்டுவது. சீனாவில் 2008இல் பால் பொடியில் மெலமைன் கலந்து ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்டன. மறு ஆண்டு இரண்டு பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதில் ஒருவர் மீதான குற்றம் ‘பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தது’. இதைத்தான் நம்மில் பலர் புகழ்கிறார்கள். பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் தந்தை, மற்ற பெற்றோரைத் திரட்டி நஷ்டஈடு கேட்டதற்காக, ‘சமூக ஒழுங்கைக் குலைத்தார்’ என்று 2010இல் இரண்டரை ஆண்டு சிறைக்கு அனுப்பப்பட்டதை யாரும் சொல்வதில்லை. ஒரே கை எழுதிய இரண்டு தீர்ப்புகள்போல் இருக்கின்றன அவை. நம் தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் நடந்தது என்ன? தாமிர ஆலையின் புகையும் கழிவும் நோயைக் கொண்டுவருகின்றன என்று சொன்ன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 பேர் பலி. பிறகு போராட்டக்காரர்கள் சிலர் மீதே தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. காற்றை நச்சாக்கி மக்கள் உடல்நலத்தைக் கெடுப்பவருக்குப் புதிய நியாய சன்ஹிதா 280ஆவது பிரிவில் விதிக்கும் அதிகபட்சத் தண்டனை 1,000 ரூபாய் அபராதம். அத்தியாவசியச் சேவை தடைபடுவதே பயங்கரவாதம் ஆகலாம் என்ற உபா வாசகமோ சாலை மறியலுக்கும் நீள்கிறது என்பதை, 2022 அக்டோபரில் டெல்லிக் கலவர வழக்கில் உமர் காலிதுக்கு ஜாமீன் மறுத்த டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் பார்த்தோம். ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்யும் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் அந்த வாசகத்திலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறார்கள்?

இதற்கு எதிராக மூன்று கேள்விகள் வரும். ஒவ்வொன்றிலும் நியாயம் உண்டு. முதலாவது, சாதாரணச் சட்டம் பல்லில்லாதது. போபாலைவிட இதற்குப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சு வாயு விபத்தில், குற்றச்சாட்டை வெறும் அலட்சிய மரணமாக உச்ச நீதிமன்றம் 1996இல் குறைத்தது. 26 ஆண்டு கழித்து 2010இல் கிடைத்த தண்டனை இரண்டு ஆண்டு. மருந்தில் கலப்படம் செய்தால் நியாய சன்ஹிதாவில் இன்றும் ஓராண்டுச் சிறை அல்லது 5,000 ரூபாய். பொதுக் குடிநீரை அசுத்தமாக்கினால் ஆறு மாதம். வெட்கக்கேடு என்பதைத் தவிர இதற்கு வேறு சொல் இல்லை. ஆனால் சிறப்புச் சட்டங்கள் அப்படி இல்லை. மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருள்கள் சட்டத்தின் 27ஆவது பிரிவு, 2008 திருத்தத்துக்குப் பிறகு, மரணம் விளைவிக்கக்கூடிய போலி அல்லது கலப்பட மருந்துக்குக் குறைந்தபட்சம் பத்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை போகிறது. ஜம்முவில் ராம்நகர் குழந்தைகள் 2019-20இல் இதே டைஎத்திலீன் கிளைக்காலால் இறந்தபோது 27ஆவது பிரிவு இருந்தது. சிந்த்வாராவிலும் இருந்தது. ஆயுள் தண்டனைக்கு அஞ்சாத முதலாளி, பயங்கரவாதி என்ற பட்டத்துக்கு அஞ்சுவார் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது?

கடுமையால் மட்டும் காரியம் நடக்குமென்றால் அதைத் தமிழ்நாடு ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 1982இல் வந்த குண்டர் சட்டம் கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களையும் குறிவைத்தே எழுதப்பட்டது. பொதுச் சுகாதாரத்துக்குக் கடுமையான அல்லது பரவலான ஆபத்து நேர்ந்தாலும் பொது ஒழுங்கு குலைந்ததாகவே கொள்ளலாம் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம். இதைவிடக் கடுமையான ஆயுதம் எந்த ஜனநாயக அரசுக்கும் எளிதில் கிடைக்காது. 42 ஆண்டு கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் அதே மெத்தனால் சாவுகள். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் யார் கைக்கு, எந்தக் கணக்கில் போகிறது என்பதைப் பின்தொடர்ந்திருந்தால் நின்றிருக்கும். அது குண்டர் சட்டத்தின் வேலையல்ல. கிட்டங்கிக் கணக்கைப் பார்க்கும் அதிகாரியின் வேலை.

இரண்டாவது கேள்வி: நிஜமாகவே நச்சையும் கிருமியையும் ஆயுதமாக்க முயல்பவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். டோக்கியோ சுரங்க ரயிலில் 1995இல் ஓம் ஷின்ரிக்யோ அமைப்பு சரின் வாயுவைத் திறந்துவிட்டது. ஆமணக்கு விதையிலிருந்து ரிசின் நஞ்சைத் தயாரிக்க முயன்றதாக 2025 நவம்பரில் குஜராத் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு ஒரு மருத்துவரைக் கைதுசெய்தது. அந்தக் குற்றச்சாட்டை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். இப்படிப்பட்டவற்றுக்குத்தான் உபாவின் 15ஆவது பிரிவில் உயிரியல் பொருளும் ரசாயனமும் இடம்பெற்றிருக்கின்றன. அதை நீக்கச் சொல்லவில்லை. மிரட்டும் நோக்கம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்து, ‘விளைவிக்கக்கூடிய’ என்பதை எடுத்துவிட்டால் இவர்களில் ஒருவரும் தப்ப மாட்டார்கள். சாலட் தட்டில் கிருமி கலந்தவர்களுக்கு ஓர் அரசியல் நோக்கம் இருந்தது. கொள்ளை லாபத்துக்காக மலிவான கரைப்பானை வாங்கியவரிடம் அந்த நோக்கம் கிடையவே கிடையாது. அவருக்கு யாரையும் பயமுறுத்தும் ஆசை இல்லை. சொல்லப்போனால், யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பயங்கரவாதிக்கு விளம்பரம் வேண்டும், இவருக்கு இருட்டு வேண்டும். பயத்தைப் பிடிக்க எழுதப்பட்ட சட்டத்தால் பேராசையைப் பிடிக்க முடியாது. நீதிமன்றத்தில் முதல் நாளே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்வி, என் கட்சிக்காரர் யாரை மிரட்டினார் என்பதாகத்தான் இருக்கும். ‘விளைவிக்கக்கூடிய’ என்பதைப் பிடித்துக்கொண்டு வழக்கை நடத்தினால், அந்த அளவுகோல் நாளை ஒரு தவறான ஊசி போட்ட கிராமச் செவிலியருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பணக்காரர்கள் ஜாமீனில் வந்து சாட்சிகளைக் கலைத்துவிடுவார்கள், உபா போட்டால்தான் உள்ளே இருப்பார்கள் என்பது. நாட்டு நடப்பு தெரிந்தவர்கள் சொல்வது இது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஜாமீன் மறுப்பையே தண்டனையாகப் பாவிக்கப் பழகிவிட்டால், வழக்கை நடத்த வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது. சிந்த்வாராவில் முதலில் கைதானவர் அந்த மருந்தை எழுதிக்கொடுத்த உள்ளூர்க் குழந்தை மருத்துவர். சில நாள் கழித்துத்தான் நிறுவன உரிமையாளர் சென்னையில் பிடிபட்டார். சங்கிலியில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர்தான் எப்போதும் முதலில் மாட்டுகிறார். ஜாமீன் கிடைக்காத சட்டமாக இருந்தால், பிறகு நிரபராதி என்று தெரிந்தாலும், அதிக காலம் உள்ளே கிடப்பவர் அவராகத்தான் இருப்பார்.

அலட்சியத்துக்கும் கொலைக்கும் நடுவே நம் சட்டத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது. மக்கள் உடல்நலத்தை அறிந்தே பணயம் வைக்கும் நிறுவனம் அந்தப் பள்ளத்தில் ஒளிந்து தப்பிவிடுகிறது. அதை நிரப்ப உதாரணங்கள் உண்டு. பிரிட்டன் 2007இல் நிறுவனங்களையே மரணம் விளைவித்த குற்றத்துக்குப் பொறுப்பாக்கித் தனிச் சட்டம் இயற்றியது. நிர்வாகம் மொத்தமாகத் தவறிழைத்ததென்று நிரூபித்தால் போதும், அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. நம் நாட்டிலேயே, பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனிக் குற்றமாக வரையறுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது, அப்படியொரு பிரிவு தயாராக இருந்தது. அந்த வழக்கின் புலன்விசாரணை எங்கே, எப்படிப் போனது என்பது தனிக் கதை. குறை சட்ட வாசகத்தில் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம். எந்தத் தீங்கு, யாருக்கு, யாரால் என்று குறிப்பாக எழுதப்பட்ட சட்டம்தான் நீதிமன்றத்தில் நிற்கிறது.

பயங்கரவாதச் சட்டத்தில் வேறொரு வசதியும் ஒளிந்திருக்கிறது. அது அரசுக்கான வசதி. பயங்கரவாத வழக்கில் அரசு எப்போதும் பாதிக்கப்பட்ட தரப்பு. விஷ மருந்து வழக்கில் அப்படி இல்லை. சுங்குவார்சத்திர ஆலைக்கு உரிமம் தந்தது அரசு. குழந்தைகள் இறந்த பிறகு உள்ளே போன ஆய்வாளர்கள் 300க்கும் மேற்பட்ட விதிமீறல்களைக் கண்டார்கள் என்றால், அதற்கு முன் எத்தனை முறை உள்ளே போனார்கள், என்ன எழுதினார்கள் என்று கேட்டாக வேண்டும். மருந்து ஆய்வாளர்கள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சென்னையில் 1972இல் 15 குழந்தைகளையும், பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 1986இல் 14 பேரையும், டெல்லியிலும் குர்கானிலும் 1998இல் 33 குழந்தைகளையும் கொன்றது இதே ரசாயனம்தான். ஜே.ஜே. சாவுகளை விசாரித்த நீதிபதி லெண்டின், அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் அதில் எப்படி உடந்தையாக இருந்தார்கள் என்பதை விரிவாகவே எழுதினார். இந்தியாவில் தயாரான இருமல் மருந்தால் உஸ்பெகிஸ்தானில் 68 குழந்தைகள் இறந்த வழக்கு 2024 பிப்ரவரியில் முடிந்தது. குற்றச்சாட்டுகள்: தரமற்ற மருந்து விற்பனை, வரி ஏய்ப்பு, அலட்சியம், பொய் ஆவணம், லஞ்சம், பதவி துஷ்பிரயோகம். ஒன்றில்கூடப் பயங்கரவாதம் இல்லை. தண்டனை பெற்ற 23 பேரில் மருந்தை இறக்குமதி செய்தவருக்கு 20 ஆண்டு கிடைத்தது. மருந்துக்கு அனுமதி வழங்கும் பொறுப்பிலிருந்த முன்னாள் அதிகாரிகளும் அதே கூண்டில் நின்றார்கள்.